பாட்டிக்கு மறதின்னு சொல்றதுக்கு முன்னாடி கண்ணைக் காட்டுங்க

 

திருவிழா வேலை இல்லாத நேரத்துல ஒரு முக்கியமான விஷயத்தை உங்களோட பேசணும்னு நினைச்சோம். கொஞ்சம் நீளமான பதிவு. வீட்ல பெரியவங்க இருக்கிறவங்க தயவு செய்து முழுசா படிங்க.

கோயில் தொண்டுல இருக்கிற நாங்க பல வருஷமா பார்க்கிறது இது. வெள்ளிக்கிழமை தவறாம வந்த பாட்டிமார், தாத்தாமார் மெல்ல மெல்ல வர்றதை நிறுத்திடுறாங்க. முதல்ல சாயந்திர பூஜைக்கு வர மாட்டாங்க, இருட்டுல படி தெரியல. அப்புறம் பகல்லயும் வர மாட்டாங்க. எதிர்ல வர்றவங்க யாருன்னு தெரியாம பேசாம போவாங்க. பிரசாதம் நீட்டினா கை வேற பக்கம் போகும். பிள்ளைகளைக் கேட்டா, "அம்மாவுக்கு மறதி வந்துருச்சு, ஆளே அடையாளம் தெரியல"ன்னு சொல்றாங்க.

அடையாளம் தெரியலையா, இல்ல முகமே தெரியலையா? இதை யாரும் கேட்கிறதில்ல. வீட்டுக்குள்ளயே மறதின்னு முடிவு கட்டி, ஒரு மூலையில உட்கார வச்சிடுறோம். இது நியாயம் இல்லைங்கிறதுதான் எங்க கருத்து.

கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வயசாக ஆக மங்கிப் போறதுதான் கண்புரை. தொழிற்சாலையில வேலை செய்றவங்களுக்கு சுலபமா புரியும். தேயிலை புளிக்கும்போது பச்சை நிறம் மாறி செம்பு நிறம் வரும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்த வேலைக்கு அனுப்புவோம். புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சள் பழுப்பாத்தான் தெரியும். செம்பு எது, பழுப்பு எதுன்னு பிரிக்க முடியாது. தோட்டத்துல நாள் பூரா வெயில்ல கொழுந்து எடுத்தவங்க, இனிப்பு நீர் உள்ளவங்க, புகை பிடிச்சவங்க, இவங்களுக்கெல்லாம் புரை வரும் வாய்ப்பு கூடுதல். இந்த நாட்டுல இனிப்பு நீர் நம்ம இந்தியர்கள் கிட்டதான் ரொம்ப அதிகம்னு எல்லாருக்கும் தெரியும்.

சரி, கண்ணுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல, கண்புரையோ கண் அழுத்த நோயோ இருந்த 65 வயசும் அதுக்கு மேலயும் ஆன 3,038 பேரை பல வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. அதோட முடிவு 2021 டிசம்பர்ல ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழ்ல வந்துச்சு. புரை அறுவை செய்துகிட்டவங்களுக்கு, செய்யாதவங்களை விட டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவா இருந்துச்சு. கண் அழுத்த நோய்க்கு அறுவை செய்தவங்க கிட்ட இந்த வித்தியாசம் இல்ல. அந்த அறுவை போன பார்வையைத் திருப்பிக் கொடுக்காது, புரை அறுவை கொடுக்கும். பார்வை திரும்புறதுலதான் விஷயம் இருக்குன்னு இதை வச்சு நினைக்கத் தோணுது.

2024ல லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு நாம மாத்தக்கூடிய காரணங்கள்னு 14 சொன்னாங்க. கவனிக்காம விட்ட பார்வைக் குறைவும் அதுல புதுசா சேர்ந்திருக்கு.

இதுக்காக, அறுவை செய்தா மறதியே வராதுன்னு யாரும் பரப்ப வேண்டாம். உடம்பு தெம்பா இருக்கிறவங்கதான் அறுவைக்கு முன்வருவாங்க, அதனாலயும் கணக்கு அப்படி வரலாம். ஆராய்ச்சிக்காரங்க அதையும் கணக்குல எடுத்துத்தான் பார்த்தாங்க, இருந்தாலும் இது முழு நிரூபணம் இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. கண்ணு தெரியலன்னா பேப்பர் படிக்க முடியாது, டிவி பார்க்க முடியாது, பக்கத்து வீட்டுக்குப் போக பயம். மூளைக்கு வேலையே இல்லாம போயிடுது. மூளைக்கு லாபம் வருதோ இல்லையோ, பார்வை வந்தாலே பாதி வாழ்க்கை திரும்ப வந்த மாதிரி.

நம்ம மக்கள் சொல்ற சாக்குகளும் தெரியும். "புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்." அது அந்தக் காலம். இப்ப முத்துற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. ரொம்ப முத்தினா லென்ஸ் கெட்டியாகி அறுவைதான் கஷ்டமாகும். "ஆபரேஷன்னா பயம்." கண்ணை மட்டும் மரத்துப் போக வச்சு, சின்னத் துளை போட்டு, மங்கின லென்ஸை எடுத்துட்டு புது லென்ஸ் வைப்பாங்க. பெரும்பாலும் அன்னைக்கே வீடு திரும்பலாம். எந்த அறுவைக்கும் ஆபத்து கொஞ்சம் உண்டு, அதை டாக்டர் கிட்ட கேட்டுக்குங்க. "வயசாச்சு, இனி எதுக்கு?" இதைத்தான் எங்களால ஏத்துக்கவே முடியல. முப்பது நாப்பது வருஷம் மலை ஏறி இறங்கி நம்மைப் படிக்க வச்சவங்களுக்கு, மிச்சமுள்ள பத்து வருஷம் வெளிச்சம் வேண்டாமா?

கண்ணு போனது விதின்னு சுந்தரமூர்த்தி நாயனார் உட்கார்ந்துடல. காஞ்சியில ஒரு கண்ணு, திருவாரூர்ல மறு கண்ணுன்னு சிவன் கிட்டயே கேட்டு வாங்கினார். மதுரையில டாக்டர் வெங்கடசாமி மூட்டு வாதத்தால விரல் கோணிப் போயும் அறுவை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்னைக்கு ஏழை எளியவங்க லட்சக்கணக்குல அங்க பார்வை பெறுறாங்க.

நாம செய்ய வேண்டியது இதுதான். அரசாங்கக் கிளினிக்ல கண்ணைக் காட்டுங்க. தேவைன்னா பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பாங்க. ஒரு நாள் சம்பளம் போகுமேன்னு பிள்ளைகள் தயங்குறது புரியுது. அதனாலதான் கேட்கிறோம்: அன்னதானத்துக்கும் ரத ஊர்வலத்துக்கும் ஆள் பட்டியல் போடுற நாம, கார் உள்ள இளைஞர்கள் பட்டியல் ஒன்னு போட முடியாதா? மாசம் ஒரு பெரியவரை தானா ராத்தாவுக்கோ ஈப்போவுக்கோ கூட்டிப் போய் வந்தாலே பெரிய புண்ணியம்.

அறுவை முடிஞ்சவங்க டாக்டர் சொல்ற வரைக்கும் சொட்டு மருந்தை விடாதீங்க, கண்ணைக் கசக்காதீங்க. ஹோமப் புகை பக்கம் வராதீங்க, திருநீறு கண்ணுல விழாம பார்த்துக்குங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

கண்ணு சரியான பிறகும் தடுமாற்றம் இருந்தா காதையும் காட்டுங்க, மறதிக்கும் டாக்டரைப் பாருங்க. ஆனா கண்ணைப் பார்க்காம யாரையும் மூலையில உட்கார வைக்காதீங்க.

கருத்து இருந்தா கீழே எழுதுங்க. மத்த தோட்டத்து உறவுகளுக்கும் பகிருங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!