450 டாலரும் ஒரு கோப்பையும்

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் வீட்டில் 'தி மைட்டி மேக்ஸ்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தோம். 2011-இல் திரைக்கு வந்தது. அருட்சகோதரிகள் நடத்திவந்த ஒரு சிறிய மகளிர் கல்லூரியின் கூடைப்பந்து அணி, கையில் காசும் சொந்தக் களமும் இல்லாத நிலையில், 1972-இல் நாட்டின் முதல் அணியாக ஆன கதை. படம் முடிந்ததும் உடனிருந்த பேராசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாருங்கள், ஒரு வசதியும் கிடையாது, அதனால்தான் ஜெயித்தார்கள்" என்றார். நாமும் தலையாட்டினோம். வீடு திரும்பும் வழியில்தான் அந்த 'அதனால்தான்' தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது. அன்று தொடங்கி, அந்தப் பருவத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறோம். முள் இன்னும் இறங்கவில்லை.

கல்லூரியின் பெயர் இம்மாக்குலேட்டா. (தமிழாக்கினால் 'அமலோற்பவம்' என்று வரும். அந்தப் பெயரில் நம் ஊர்களில் எத்தனை பள்ளிகள்!) பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா நகருக்கு மேற்கே இருக்கிறது. 1967-இல் அதன் விளையாட்டுக்கூடம் தீக்கிரையாயிற்று. அதன்பின் சொந்தக் கூடம் இன்றி, கன்னியர் மடத்துக்குரிய கூடத்தில் பயிற்சி. 1970-இல் பயிற்சியாளராக வந்த கேத்தி ரஷ், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளம்பெண். ஒரு பருவம் முழுவதற்கும் அவருக்குத் தரப்பட்ட ஊதியம் 450 டாலர். மாதத்துக்கு அன்று, பருவத்துக்கு. வீராங்கனைகள் உடுத்தியது மடிப்பு வைத்த கம்பளித் துணிச் சீருடை. அதை உடுத்திக்கொண்டு ஓடி, குதித்து, வியர்த்து விளையாட வேண்டும்.

அணியின் நடுநாயகமாக விளங்கிய தெரேசா ஷாங்க் உண்மையில் வேறொரு கல்லூரிக்குச் செல்லவிருந்தவர். அவர் குடும்பத்தின் வீடு எரிந்துபோனதால், வீட்டோடு இருந்து படிக்கும்படி அருகிலிருந்த இம்மாக்குலேட்டாவில் சேர்ந்தார். கூடமும் எரிந்தது, வீடும் எரிந்தது. ஒரு நாவலில் இப்படி இரண்டு தீயை வைத்தால், செயற்கை என்று நாமே அடித்துத் திருத்தியிருப்போம்.

1971-72 பருவத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பெண்களின் கூடைப்பந்து 1892-இல் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்பவரால் தொடங்கப்பட்டபோது, ஆடுகளம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அவரவர் தமக்குரிய பகுதிக்குள்ளேயே நிற்க வேண்டும், கோட்டைத் தாண்டலாகாது. பெண்ணுடல் அவ்வளவு ஓட்டத்தைத் தாங்காது என்பது அக்காலத்து நம்பிக்கை. இலக்குவன் கிழித்த கோட்டுக்கு மாசசூசெட்சிலும் ஒரு படி இருந்திருக்கிறது. விதிகள் சிறுகச் சிறுகத் தளர்ந்து, ஐவர் கொண்ட அணி களம் முழுவதும் ஓடி ஆடலாம் என்பது அதிகாரபூர்வமாக நிலைபெற்றது 1971-இல்தான். ஆக, முழுக்களத்தையும் உரிமையோடு பெற்ற முதல் பருவத்தில் ஆடியவர்கள் இந்தப் பெண்கள்.

ஆட்டத்துக்கு ஆட்டம் வென்றுகொண்டே வந்தார்கள். வட்டார இறுதியில் அண்டை ஊரான வெஸ்ட் செஸ்டரின் அரசுக் கல்லூரி அவர்களை 32 புள்ளி வேறுபாட்டில் நொறுக்கியது. கேத்தி ரஷ் படித்த கல்லூரியும் அதுவே. தோற்றும், தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. பெண்களே நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற அமைப்பின் முதல் தேசியப் போட்டி, 16 அணிகள், தரவரிசையில் இம்மாக்குலேட்டாவுக்கு 15-ஆம் இடம். போட்டி நடந்த இடம் இல்லினாய் மாநிலத்து 'நார்மல்' என்னும் ஊர். இயல்பு என்று பெயர் வைத்துக்கொண்ட ஊரில் இயல்புக்கு மாறான ஒன்று நிகழ இருந்தது.

போய்வரப் பணமில்லை. மாணவியர் டூத் பிரஷ் விற்றுக் காசு திரட்டினர். திரண்ட காசு எட்டுப் பேருக்கே போதுமானதாக இருந்ததால், மற்றவர்களை விட்டுவிட்டு எட்டுப் பேர் கிளம்பினார்கள். அதுவும் முன்பதிவில்லாத பயணச்சீட்டில். இடம் காலியாக இருந்தால்தான் விமானத்தில் ஏறலாம். அங்கே மூன்று ஆட்டங்களை வென்று இறுதிக்கு வந்தால், எதிரில் நிற்பது மறுபடியும் வெஸ்ட் செஸ்டர். இம்முறை 52-48. சில நாள் இடைவெளியில் 32 புள்ளித் தோல்வி 4 புள்ளி வெற்றியாக மாறியது.

1973, 1974 ஆண்டுகளிலும் கோப்பை அவர்களுக்கே. ஒரு வீராங்கனையின் தந்தை இரும்புச்சாமான் கடை வைத்திருந்தார். அவர் கொடுத்த தகர வாளிகளையும் கட்டைகளையும் வைத்துக்கொண்டு அருட்சகோதரிகள் தட்டி எழுப்பிய ஓசை எதிரணிகளைக் கலங்கடித்ததாம். துறவாடை, வாளி, கம்பளிச் சீருடை, டூத் பிரஷ். திரைப்படக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

இங்கேதான் நமது பேராசிரிய நண்பரின் 'அதனால்தான்' நுழைகிறது. இல்லாமை அவர்களை உருக்கி எஃகாக்கியது என்கிறது அந்தச் சொல். இது உண்மையன்று என்பது நம் எண்ணம். ஃபிலடெல்ஃபியாவின் கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிகள் பல்லாண்டுகளாகத் தமக்குள் கூடைப்பந்துப் போட்டிகளைச் சிரத்தையோடு நடத்திவந்தன. கூட்டம் கூடிப் பார்த்த போட்டிகள் அவை. அந்தப் பெண்கள் பங்குக் கோயில்களின் களங்களிலும் தெருமுனைக் களங்களிலும் சிறுவயது முதலே பந்தைத் தொட்டு வளர்ந்தவர்கள். கேத்தி ரஷ் களம் முழுக்க எதிரணியை நெருக்கித் தடுக்கும் முறையை, ஆண்கள் ஆட்டத்தில் வழங்கிய நுட்பங்களை, இவர்களுக்குக் கற்றுத்தந்தார். அதாவது, ஒரு நகரம் பெண்பிள்ளைகளின் விளையாட்டில் நீண்டகாலம் போட்ட முதல் இது. அதன் வட்டி 1972-இல் கிடைத்தது. இல்லாமையிலும் வென்றார்கள் என்று சொல்லலாம். அந்த 'உம்'மைக்கும் 'அதனால்தான்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு, தமிழ் படித்த நமக்கு விளங்காமல் இருக்கக்கூடாது.

நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டிய இடமும் இதுதான். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார், சமைத்து நாளாகிப்போன அடுப்பில் காளான் பூத்திருப்பதைச் சொல்வார். ஆண்டுதோறும் வகுப்பில் அந்த அடுப்பை விளக்கி வருகிறோம். காளானின் வெண்மையை, படிமத்தின் கூர்மையை, பசியை அழகாக்கிய கலையை! மாணவர் முகங்கள் மலரும். ஆனால் அப்பாட்டு ஒரு விண்ணப்பம் அல்லவா? மனைவியும் பிள்ளையும் பட்டினி கிடக்க, கொடு என்று கேட்கத்தான் அவர் காட்டிலிருந்த குமணனிடம் போனார். கேட்கத் தயங்கும் புலவருமல்லர். நாம் காளானை வைத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டோம். பாடநூலும் நமக்கு அதைத்தான் பழக்கியிருக்கிறது.

இம்மாக்குலேட்டாவின் கதையிலும் கேள்வி உண்டு. படம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கோப்பை கைக்கு வந்தது 1972 மார்ச். அவ்வாண்டு ஜூன் 23-இல், கூட்டரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்னும் 'டைட்டில் நைன்' சட்டத்தில் குடியரசுத் தலைவர் நிக்சன் ஒப்பமிட்டார். அச்சட்ட வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆயினும் அதன் பெருந்தாக்கம் விளையாட்டுக் களத்தில்தான் விழுந்தது. விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. முதலில் தடைசெய்திருந்தது; 1973-இல் அத்தடை தளர்ந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தோடு இறங்கின. 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், குவீன்ஸ் கல்லூரிக்கு எதிராக, ஏறத்தாழ 12,000 பேர் முன்னிலையில் ஆடிய அதே இம்மாக்குலேட்டா, 1975, 1976 இறுதி ஆட்டங்களில் டெல்டா ஸ்டேட்டிடம் தோற்றது. 1977-இல் 149 வெற்றி, 15 தோல்வி என்ற கணக்கோடு கேத்தி ரஷ் விலகினார். அதன்பின் அக்கல்லூரி சிறிய கல்லூரிகளின் வரிசைக்குத் திரும்பிவிட்டது.

பார்த்தீர்களா, பணம் வந்தது, சிறிய கல்லூரி அழிந்தது, ஏழ்மைக் காலமே தூய காலம் என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. பெண்கள் கட்டி வளர்த்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வை, ஆண்கள் கையிலிருந்த என்.சி.ஏ.ஏ. 1982-க்குள் ஒழித்துக்கட்டிற்று. 1972-இல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பெண் பயிற்சியாளர்களே இருந்தனர். ஊதியம் ஏறியதும் ஆண்கள் வந்தார்கள். இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பெண் பயிற்சியாளர் பாதிக்கும் குறைவு. இழப்பு இழப்புதான். ஆனால் 450 டாலருக்குத் திரும்பிப் போவது அதற்கு மருந்தாகுமா? ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் கடைசிக் கோப்பையை, 1982-இல், வென்றது ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் தெரேசா கிரென்ட்ஸ். நம் தெரேசா ஷாங்க்தான். முதல் கோப்பையில் வீராங்கனை, கடைசிக் கோப்பையில் பயிற்சியாளர். அவருக்கு ஏழ்மையின் தூய்மை பற்றிப் பாடம் நடத்த யாருக்குத் துணிவு வரும்?

நம்மை மிகவும் உலுக்கியது இன்னொருவரின் கதை. 1972 இலையுதிர்காலத்தில் இம்மாக்குலேட்டாவில் சேர்ந்து, அடுத்த இரு கோப்பைகளில் ஆட்டத்தை முன்நடத்தியவர் மேரியன் கிராஃபோர்ட். பின்னாளில் மேரியன் ஸ்டான்லி என்ற பெயரில் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராகி 1979, 1980, 1985 ஆண்டுகளில் தேசியக் கோப்பை வென்றார். பிறகு தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம். 1993-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேளையில், அங்கே ஆண்கள் அணியின் பயிற்சியாளருக்குத் தரப்படும் ஊதியத்தையே தமக்கும் தரும்படி கேட்டார். பேச்சு முறிந்தது; வேலை போயிற்று. வழக்குத் தொடுத்தார். ஆண்கள் அணியின் பயிற்சியாளர் கூடுதல் அனுபவமும் தகுதியும் உடையவர், வருவாய் ஈட்டித்தரும் பொறுப்பும் அவருக்கு அதிகம் என்னும் வகையில் காரணம் சொல்லி, 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. அந்த ஆண் பயிற்சியாளர் தேசியக் கோப்பை ஒன்றைக்கூட வென்றவரல்லர் என்பதை இங்கே குறித்துவைக்கிறோம்.

அருட்சகோதரிகளின் வாளி முழக்கத்தில் ஆடிய பெண் கேட்ட கேள்வி இது. ஏழ்மையிலும் சிரித்துக்கொண்டு ஆடியபோது உலகம் அந்த அணியைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்த அணியில் ஆடியவர் கூலி கேட்டபோது தள்ளுபடி செய்தது. கேத்தி ரஷ்ஷுக்குப் புகழரங்கில் இடம் 2008-இல் கிடைத்தது, அணிக்கு 2014-இல், கிரென்ட்ஸுக்கும் ஸ்டான்லிக்கும் 2022-இல். மாலை மரியாதைகளில் குறையில்லை.

2021 மார்ச்சில் ஒரேகான் பல்கலைக்கழக வீராங்கனை ஒருவர் கைப்பேசியில் ஒரு சிறு படம் எடுத்து வெளியிட்டார். தேசியப் போட்டிக்கு வந்த ஆண்களுக்குப் பெருங்கூடம் நிறைய உடற்பயிற்சிக் கருவிகள்; பெண்களுக்கு ஓர் ஓரத்தில் எடைக்குண்டுகள் அடுக்கிய ஒற்றைத் தாங்கி. இடமில்லை என்று முதலில் சொன்னார்கள். காலி இடத்தையும் அவர் படம்பிடித்துக் காட்டியிருந்தார். அவர் அந்த ஒற்றைத் தாங்கியை வைத்துக்கொண்டு சாதித்துக் காட்டியிருக்கலாம். இன்னொரு திரைப்படம் நமக்குக் கிடைத்திருக்கும். அவர் கேட்டார், ஓரிரு நாளில் கருவிகள் வந்து இறங்கின. 2024 ஏப்ரலில் தென் கரோலினாவும் அயோவாவும் மோதிய பெண்கள் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தனர். அவ்வாண்டு ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். வருவாய் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்ன காரணம் இனி எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை.

சென்ற வாரம் பேராசிரிய நண்பரைச் சந்தித்தபோது ஸ்டான்லியின் வழக்கை முழுவதும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "நியாயம்தான். ஆனால் இதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்?" என்றார்.

நாம் பார்ப்போம் என்றோம். அவருக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.