கூண்டு திறந்தது, கூலிக்காரன் எங்கே போனான்?

சென்ற மாதம் அடுகோடியில் நமது சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் ஒருவர் வந்து நின்றார். வயது ஐம்பத்தெட்டு. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இரவுக் காவல். அமைப்புசாராத் தொழிலாளர் அட்டைக்குப் பதிவு செய்ய உதவ வேண்டும் என்றார். "இதற்கு முன்னால் என்ன வேலை அண்ணே?" என்று கேட்டேன்.

"சர்க்கஸ்ல சிங்கத்துக்குக் கறி போட்டு, கூண்டு கழுவுற வேலை தம்பி. தருமபுரிப் பக்கத்துலேருந்து ஒம்போது வயசுல போனவன்."

ஏன் விட்டீர்கள் என்றேன். "சட்டம் வந்துச்சு. சிங்கத்தை ஏத்திக்கிட்டுப் போக லாரி வந்துச்சு. பன்னேர்கட்டாவுக்குன்னாங்க. எங்களுக்கு எந்த லாரியும் வரலை."

அன்றிரவு பூராவும் இந்தப் பேச்சு என் காதில் நின்றது.

சட்டத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தச் சட்டம் நியாயமானது. சிங்கம் முக்காலியில் ஏறி உட்காருவதும், யானை தலைகீழாக நிற்பதும், நெருப்பைக் கண்டால் ஓடும் புலி நெருப்பு வளையத்துக்குள் பாய்வதும் அவற்றின் இயல்பு அல்ல. பட்டினி, சாட்டை, அங்குசம் இவற்றால் பழக்கப்பட்டவை அவை. ஊருக்கு ஊர் வண்டியில் போகும்போது அவை அடைபட்டுக் கிடந்த கூண்டில் திரும்பிப் படுக்கவும் இடமில்லை. நாம் கைதட்டினோம். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்து சர்க்கஸைப் பார்த்துச் சிரித்த தலைமுறைதானே நாமெல்லாம்!

இந்தத் தடை ஒரே நாளில் வரவில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டையது. 1991-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். மறுபரிசீலனைக்குப் பிறகு 1998 அக்டோபரில் புதுப் பட்டியல் வந்தது. நாய் வெளியே போயிற்று, சிங்கம் உள்ளே வந்தது. தொழில் செய்யும் உரிமை பறிபோகிறது என்று மறுபடியும் வழக்கு. மனிதனுக்கு அடிப்படை உரிமை உண்டென்றால் மிருகத்துக்கு ஏன் இருக்கக் கூடாது என்று 2000 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் திருப்பிக் கேட்டது. 2001 மே முதல் நாள் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. மே தினத்தன்று! கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலைச்சேரியில் பிள்ளைகளுக்கு வித்தை பழக்கிய அதே கேரளத்தில்தான் அந்த முதல் தீர்ப்பு பிறந்தது என்பதையும் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

பன்னேர்கட்டா, வண்டலூர், திருப்பதி, விசாகப்பட்டினம் என்று பல இடங்களில் அரசு மீட்பு மையங்களைத் திறந்தது. கலப்பினச் சிங்கங்கள் என்பதால் அவற்றைப் பெருக விடவில்லை; சாகும்வரை தீனியும் வைத்தியமும் கொடுத்தது. நல்லது. ஆனால் 1998 அறிவிக்கையில் ஐந்து மிருகங்களின் பெயர் இருக்கிறது. அவற்றுக்குக் கறி வெட்டியவனைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"அண்ணே, மிருகத்தைப் பார்க்கவா சங்கம் வைத்திருக்கிறோம்?" என்று ஓர் இளந்தோழர் கேட்டார். இன்னொருவர் ஒரு படி மேலே போய், "முதலில் சர்க்கஸ், பிறகு ஜல்லிக்கட்டு, எல்லாம் ஒரே கூட்டத்தின் வேலை" என்றார். 2011-இல் அதே பட்டியலில் காளையைச் சேர்த்ததால் வந்த கோபம் அது. அந்தக் கதை 2017 போராட்டத்திலும் 2023 தீர்ப்பிலும் முடிந்துவிட்டது. அதை இங்கே இழுக்க வேண்டாம். வீட்டு வாசலில் வளரும் காளையும் கம்பிக்குள் கிடக்கும் புலியும் ஒன்றல்ல.

முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தக் கூடாரத்தில் சாட்டை ஒன்றுதான் இருந்தது. மிருகத்தின் மேல் விழுந்தது போக மிச்சம் ஒன்பது வயதுப் பிள்ளையின் மேல் விழுந்தது. மிருகத்துக்கு 2001-இல் தீர்ப்பு வந்தது. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2011 ஏப்ரல் வரை ஆயிற்று. பத்து வருஷம் பின்னால்! பார்க்க வந்தவர் உயிருக்கும் மதிப்பில்லை. 1981 பிப்ரவரியில் இதே பெங்களூரில் சர்க்கஸ் கூடாரம் பற்றி எரிந்து எத்தனை பள்ளிப் பிள்ளைகள் மாண்டார்கள் என்பதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மிருகத்தையும் காப்பாற்றி மனிதனையும் காப்பாற்ற முடியாதா? முடியும். அதற்குச் சாட்சியும் பன்னேர்கட்டாவிலேயே உண்டு. மூக்கில் கயிறு குத்தி, பல்லைப் பிடுங்கிக் கரடியை ஆட வைத்துப் பிழைத்தவர்கள் கலந்தர் சமூகத்தார். வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பினர் 2002 முதல் கரடிகளை வாங்கிக்கொண்டபோது, அந்தக் குடும்பங்களுக்கு வேறு தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும் கொடுத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 2009-இல் கடைசி ஆட்டக்கரடியும் பன்னேர்கட்டாவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு தனியார் அமைப்பு செய்ததை, அரசாங்கம் சிங்கம் மேய்த்தவனுக்கு ஏன் செய்யவில்லை?

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. யானை, குதிரை, ஒட்டகம், நாய், கிளி எதுவும் அந்த ஐந்தில் இல்லை. எல்லா மிருகங்களையும் சர்க்கஸிலிருந்து விலக்க 2018 நவம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. பொலிவியா 2009-லேயே அப்படிச் சட்டம் செய்த நாடு. அமெரிக்காவின் பெரிய ரிங்லிங் சர்க்கஸ் 2017-இல் மூடி, 2023-இல் மிருகமே இல்லாமல் மீண்டும் திறந்தது. ஆகவே அந்த நாள் இங்கேயும் வரும், வரவேண்டும். ஆனால் இந்த முறை மிருகங்களைக் கணக்கெடுக்கும் அதே தாளில் ஆட்களையும் கணக்கெடுக்க வேண்டும். மீட்பு மையத்தில் வேலை இருந்தால் பராமரித்தவனுக்கே முதலில் கொடுக்க வேண்டும். அந்த யானைக்கு எந்தக் காலில் புண் என்று தெரிந்தவன் அவன்தானே?

நம் காவல்காரத் தோழருக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் ஆனால் இ-ஷ்ரம் பதிவுக்கான 59 வயது வரம்பு தாண்டிவிடும். முந்திய தொழில் என்ற இடத்தில் எழுத அவரிடம் எந்தச் சான்றும் இல்லை. சம்பளச் சீட்டு என்ற ஒன்றையே அவர் கண்டதில்லை.

ஒருமுறை அவர் டிக்கெட் எடுத்துப் பன்னேர்கட்டா சஃபாரி வண்டியில் போனாராம். கம்பி வழியாக ஒரு கிழச் சிங்கத்தைக் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். "திரும்பிப் பார்த்துச்சு தம்பி. அதுதானான்னு சொல்லத் தெரியலை."

அடுகோடி, விவேக்நகர், ஈஜிபுரா பகுதிகளில் சர்க்கஸில் வேலை பார்த்தவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள் இருந்தால், ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும். தொழிலாளர் துறைக்கான மனுவில் இதுவரை நான்கு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.