பால் கணக்கில் வராத குறை

அந்தக் கன்றுகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களுக்குப் பஞ்சமே இல்லை. இயல்பைவிடப் பல மடங்கு இருந்தன. ஆனாலும் வாய்ப்புண் ஆறவில்லை. ஈறு அழுகிப் பல் விழுந்தது. கழிச்சலும் நிமோனியாவும் மாறி மாறி வந்தன. பெரும்பாலான கன்றுகள் ஓர் ஆண்டைத் தாண்டவில்லை. 1980-களில் அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளில் கவனத்துக்கு வந்த நோய் இது.

மரபணுக் காரணம் 1992-ல் வெளியானது. சிடி18 என்ற புரதத்துக்கான மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. வெள்ளை அணு ரத்தக்குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேறி, கிருமி இருக்கும் இடத்துக்குப் போக இந்தப் புரதம் வேண்டும். அது பழுதானால் காவல்படை முழுவதும் குழாய்க்குள்ளேயே அடைபட்டுவிடும். ‘பிளாட்’ என்பது இந்நோயின் சுருக்கப் பெயர்.

தாய், தந்தை இரண்டிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் கன்று நோயுறும். ஒரு பக்கமிருந்து மட்டும் பெற்ற மாடு ஆரோக்கியமாக வளரும், நன்றாகக் கறக்கும். சிக்கல் இங்குதான். 1952-ல் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற காளையிடம் இந்தக் குறை இருந்தது. அதன் வழிவந்த கார்லின்-எம் ஐவன்ஹோ பெல், கறவைத் திறனுக்குப் பேர்போனது. அதன் உறைவிந்து பல நாடுகளுக்குப் போனது. 1992 ஆய்வில், சோதிக்கப்பட்ட அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் 14.1 விழுக்காடும் பசுக்களில் 5.8 விழுக்காடும் குறையைச் சுமந்திருந்தன.

கறவைத் திறனை மட்டும் பார்த்துக் காளையைத் தேர்ந்ததற்குக் கன்றுகள் கொடுத்த விலை இது.

டிஎன்ஏ சோதனை வந்தபின், குறையுள்ள காளைகளை ஒதுக்கி நோயை அரிதாக்க முடிந்தது. ஆனால் அதே பெல் இன்னொரு குறையையும் பரப்பியிருந்தது. முதுகெலும்பு கோணலாகிக் கன்று கருவிலேயே அல்லது பிறந்ததும் சாகும் சிவிஎம் நோயை, 2001-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். சோதனைப் பட்டியலை ஒருமுறை எழுதி மூடிவைக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவிலும் ஹோல்ஸ்டீன் மாடுகளிலும் அவற்றின் கலப்பினங்களிலும் பிளாட் மரபணு கண்டறியப்பட்டிருக்கிறது. உறைவிந்து நிலையங்களுக்கான தர நெறிமுறை, இத்தகைய காளைகளுக்கு இந்தச் சோதனையைக் கேட்கிறது. நல்ல விதி. ஆனால், சினை ஊசி பலமுறை தவறிய பிறகு விவசாயி தேடிப்போகும் ஊர்ப் பொலிகாளைக்கு அந்த விதி எட்டுவதில்லை. கலப்பினக் கன்று தொடர்ந்து நோயுற்றுச் செத்தால், சீம்பால் சரியாகக் கொடுக்கவில்லை, கொட்டகை சுத்தமில்லை என்று வளர்த்தவர் மீதே பழி விழுகிறது. பல சாவுகளுக்கு அவை உண்மையான காரணங்கள்தாம், எல்லாவற்றுக்கும் அல்ல.

சினை ஊசி போடும்போது காளையின் எண்ணை மாட்டு அட்டையில் எழுதுவதோடு, அதன் மரபணுச் சோதனை முடிவையும் விவசாயிக்குச் சொல்ல வேண்டும். ஊர்ப் பொலிகாளைகளைக் கால்நடை மருத்துவமனைகள் வழியே இலவசமாகச் சோதிக்க வேண்டும். ஆறாத வாய்ப்புண்ணோடு செத்த கலப்பினக் கன்றின் ரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அதில் குறை தெரிந்தால், அதே காளைக்குப் பிறந்த மற்றக் கன்றுகளை எந்தெந்த வீடுகளில் தேடுவது என்பதை அந்த அட்டைகளே சொல்லிவிடும்.