பழைய வர்ணத்தின் தூசிக்கு யார் பொறுப்பு?

பழைய வீடொன்றுக்குப் புதிதாக வர்ணம் பூசும் வேலை அரத்தாளுடன்தான் தொடங்கும். நாங்கள் அரத்தாள் என்றும் தமிழகத்தவர் உப்புத்தாள் என்றும் அழைக்கும் அத்தாளினால், யன்னல் நிலைகளிலும் கதவுகளிலும் கூரை விளிம்புப் பலகைகளிலும் உரிந்து நிற்கும் பழைய பூச்சைத் தேய்த்தெடுத்த பின்னரே புதிய பூச்சு பிடிக்கும். தேய்ப்பவர் ஏணியில் நிற்பார். தலைக்கு மேலேயுள்ள பலகையைத் தேய்க்கையில் தூசி அவரது முகத்தில் விழும். மிகுதி முற்றத்தில் படியும். வீட்டுக்காரரோ உள்ளே இருந்து நிற அட்டையைப் புரட்டிக்கொண்டிருப்பார். எந்த நிறம், எத்தனை லீற்றர், எத்தனை நாட்கூலி என்றெல்லாம் பேசுகின்ற நாம் இந்தத் தூசியைப் பற்றி மாத்திரம் பேசுவதில்லை.

பேசவேண்டிய காரணம் ஈயம். சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் எண்ணெய் வர்ணங்களிலும் எனாமல் வர்ணங்களிலும் ஈயச் சேர்மங்கள் தாராளமாகக் கலக்கப்பட்டன. வெள்ளைக்கு வெள்ளை ஈயம், மஞ்சளுக்கு ஈயக் குரோமேற்று, இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்காதிருக்க ஈயம் கலந்த செந்நிற அடிப்பூச்சு என்று அதன் பயன்பாடு பரந்திருந்தது. பூச்சு விரைவில் காயவும், வெயிலையும் மழையையும் தாங்கவும் அது உதவியது. சுண்ணாம்பு பூசிய சுவர்களைவிட எனாமல் பூசிய மரமும் இரும்புமே இதில் கவனத்துக்குரியவை. பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும்வரை ஆபத்துக் குறைவு. அதைத் தேய்த்துத் தூளாக்கும்போதுதான் ஈயம் மூச்சுக்குள்ளும் வாய்க்குள்ளும் செல்லும் வடிவத்தைப் பெறுகின்றது.

உடலுக்குள் சென்ற ஈயம் எலும்பிலே பல்லாண்டு தங்கும். வளர்ந்தோரில் இரத்த அழுத்தத்தை உயர்த்திச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; கர்ப்பிணித் தாயிடமிருந்து சிசுவுக்கும் கடக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கற்கும் ஆற்றலையும் அது பாதிக்கின்றது. குழந்தைகளுக்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இது நேற்றுக் கண்டறியப்பட்ட செய்தியுமல்ல. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குழந்தைகளைப் பீடித்த ஈய நஞ்சூட்டத்துக்கு, வீட்டு விறாந்தைகளின் மரக் கைபிடிகளிலிருந்து பொடியாக உதிர்ந்த வர்ணமே காரணம் என்று லொக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர் 1904இல் எழுதினார். 1921இல் சர்வதேச தொழில் அமைப்பு, வர்ணப் பூச்சில் வெள்ளை ஈயத்தைப் பயன்படுத்துவது தொடர்பாகத் தனியானதொரு சமவாயத்தையே நிறைவேற்றியது. உலர்ந்த நிலையில் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியின் ஆபத்தைத் தடுக்க இயன்ற இடமெல்லாம் நடவடிக்கை எடுக்கப்படவேண்டும் என அது கூறுகின்றது. நூறாண்டு கடந்த பின்னரும் நம் வீடுகளில் உலர்ந்த தேய்ப்பே வழமை.

அமெரிக்காவில் 1978இல் வீட்டு வர்ணங்களில் ஈயம் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய வீடுகளில் கூலிக்கு வேலை செய்வோர் 2010 ஏப்ரல் தொடக்கம் தனி விதிகளுக்கு உட்படுகின்றனர். வெளிச்சுவரில் வேலை செய்தால் நிலத்தில் பத்து அடி தூரத்துக்கு விரிப்பு இடவேண்டும். இருபது அடிக்குள் இருக்கும் யன்னல்களையும் கதவுகளையும் மூடவேண்டும். ஹெப்பா வடிகட்டியுடைய உறிஞ்சி இணைக்கப்படாத மின் தேய்ப்பு இயந்திரத்தைப் பயன்படுத்தக்கூடாது. கனடாவில் 1960க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈய வர்ணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். 1990 வரையான வீடுகளின் வெளிப்பூச்சிலும் அது இருக்கலாம். ரொறன்ரோவில் பழைய வீட்டை வாங்கி, கோடை விடுமுறையில் தாமே ஏணி சாத்தும் நம்மவர்கள் இதனை மனங்கொள்வது நல்லது.

இலங்கையில் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, எனாமல் வர்ணத்தில் ஈயத்தை மில்லியனுக்கு 600 பகுதிகளாகவும் எமல்சன் வர்ணத்தில் 90 பகுதிகளாகவும் மட்டுப்படுத்தியது. வரவேற்கத்தக்க விதி. ஆனால் கடையில் விற்கும் புதிய தகரத்தையே அது கட்டுப்படுத்தும். ஐம்பது வருடங்களாக யன்னலில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் பூச்சை அது தொடாது. அந்தப் பூச்சைத் தொடுபவர் நாட்கூலிக்கு வரும் தொழிலாளி மாத்திரமே.

‘வெளியில் செய்யும் வேலைதானே, காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்’ என்பார்கள். ஈயம் அழிந்துபோகும் பொருளல்ல. சுவரோரத்து மண்ணில் அது தங்கும். அங்கேதான் குழந்தை விளையாடுகிறது, கோழி கிளறுகிறது, கீரைப் பாத்தியும் இருக்கிறது. ‘முகத்தில் துணி கட்டியிருக்கிறார்தானே’ என்பார்கள். துணி நுண்தூசியைத் தடுக்காது. தரமான சுவாசக் கவசமும் அணிந்தவரை மட்டுமே காக்கும். அவரது உடையில் ஒட்டிய தூசி மாலையில் அவருடைய பிள்ளைகளிடம் போய்ச் சேரும்.

செய்யக்கூடியவை பல. முதலாவது, நனைத்துத் தேய்ப்பது. தெளிப்புப் போத்தலால் மரத்தை ஈரமாக்கி, வாட்டர் பேப்பரால் கையாலேயே தேய்த்தால் தூசி எழாமல் சேறாக வழியும். அதைத் துணியால் துடைத்தெடுக்கலாம். ஈரத்தில் மின் இயந்திரத்தைப் பிடிக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இயந்திரந்தான் வேண்டுமெனில் அதனுடன் ஹெப்பா உறிஞ்சியை இணைக்கவேண்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண உறிஞ்சி நுண்தூசியை மறுபுறத்தால் ஊதி வெளியேற்றிவிடும். கீழே தடித்த பொலித்தீன் விரித்து, வேலை முடிந்ததும் அதை உட்புறமாக மடித்து எடுக்கவேண்டும். விளக்குமாற்றால் கூட்டக்கூடாது. பழைய பூச்சில் ஈயம் உண்டோ என்று சந்தேகமிருந்தால், உண்டு என்றே கொள்ளவேண்டும்.

ஏணி இங்கே தனிப் பிரச்சினை. இயந்திரத்தை ஒரு கையிலும் உறிஞ்சியின் குழாயை மறு கையிலும் பிடித்தால் ஏணியைப் பிடிக்கக் கை இல்லை. குழாயின் பாரமும் ஆளைப் பக்கவாட்டில் இழுக்கும். உறிஞ்சியைத் தரையில் வைத்து, குழாயை மேலே ஓரிடத்தில் கட்டி அதன் பாரத்தைக் குறைக்கலாம். ஆயினும் ஏணி சிறு வேலைகளுக்கே ஏற்றது. ஒரு நிலையில் தொடர்ந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஏணியில் நின்று வேலை செய்யவேண்டாம் என்பது பிரித்தானியப் பாதுகாப்பு அதிகாரிகளின் அறிவுரை. ஒரு பக்கக் கூரை விளிம்பு முழுவதையும் தேய்ப்பதென்றால் சாரக்கட்டுத்தான் முறை. நின்று வேலை செய்யத் தளம் இருந்தால் தூசியை அடக்கவும் இரண்டு கைகள் கிடைக்கும்.

இவை அனைத்துக்கும் பணமும் நேரமும் வேண்டும். கூலிக்காரர் தாமாக இவற்றைக் கேட்கமாட்டார்; கேட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வருவதற்குள், கலியாணத்துக்கு முன், திருவிழாவுக்கு முன் என்று நாள் குறித்து, மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் பேசுகிறோம். நாளைக் குறுக்கிய பின் அவர் உலர்வாகவும் விரைவாகவும் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனவே தூசிக்கான பொறுப்பு, பேரம் பேசுகின்ற இடத்திலேயே வீட்டுக்காரர் மேல் வந்துவிடுகின்றது.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாழும் நாட்டில் உங்கள் வீட்டு யன்னலுக்கு வேண்டும் என்று கேட்கும் பாதுகாப்பை, ஊரிலுள்ள உங்கள் வீட்டு யன்னலைத் தேய்ப்பவருக்கும் கேளுங்கள். பணம் அனுப்பும்போது விரிப்புக்கும் கவசத்துக்கும் சாரக்கட்டுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். வேலை முடிய ஒரு வாரம் கூடுதலாகும் என்று சொன்னால், சம்மதியுங்கள்.