வாடகை வீடும் குரோமிய நீரும்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் துருவிப் பார்க்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிப்பவர் அரிது.

1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை அங்கே விட்டுச்சென்றது. மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து ஓடும். நிலத்தடி நீரிலும் கலந்தது. அதிலுள்ள அறுஇணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் கூடும்.

வில்லங்கச் சான்று அடமானத்தைக் காட்டும், மண்ணிலுள்ள நஞ்சைக் காட்டாது. முதலீடு செய்தவர் வெளியூரில் இருப்பார். அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்த தொழிலாளியின் பிள்ளைகள்தாம் அந்தத் தண்ணீரில் குளிப்பார்கள். வாடகை வாங்குபவருக்கு இதில் பொறுப்பில்லை என்பதை நம்மால் ஏற்க முடியாது.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மாசுபட்ட சர்வே எண்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட வேண்டும். பத்திரப்பதிவின்போதே பதிவுத்துறை அதை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை, நீர்ப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.