ஆட்சி மாறியது, விலக்கு மாறவில்லை

ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் முழங்குகிறார்கள். வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணுக்கு என்ன மாறியது?

ஒன்றுமே மாறவில்லை என்றால் அது பொய். 2002-ல் வாஜ்பாய் அரசு ஒரு குடும்ப வன்முறைத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்தது. அதன்படி கணவன் 'வழக்கமாக' அடித்தால்தான் வன்முறை! எப்போதாவது விழும் அறை கணக்கில் வராது. தன்னையோ சொத்தையோ காப்பாற்றிக்கொள்ள நியாயமாக நடந்துகொண்டேன் என்றால் அதுவும் வன்முறை ஆகாது. (மனைவியை அடித்துக் காப்பாற்றும் அளவுக்கு அப்படி என்ன சொத்தோ!) பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. 2004-ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது.

அடுத்து வந்த மன்மோகன் சிங் அரசு 2005-ல் நிறைவேற்றிய சட்டம் வேறு ரகம். அடி உதை மட்டுமல்ல, வசைச்சொல், பாலியல் கொடுமை, செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது எல்லாமே வன்முறை என்றது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றது. அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 26-ல். பாதுகாப்பு அதிகாரிகளை நியமிக்கும் வேலையோ மாநிலங்களின் தலையில் விழுந்தது. பல மாநிலங்கள் வேறு வேலை பார்ப்பவர்களிடமே இதையும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துக் கைகழுவின.

சரி, காங்கிரஸ் நல்லது, பா.ஜ.க. கெட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது! 2012 டெல்லிக் கொடுமைக்குப் பின் அமைந்த வர்மா குழு, மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்தாலும் குற்றமே, சட்டத்திலுள்ள விலக்கை நீக்குங்கள் என்று 2013 ஜனவரியில் சொன்னது. அதே மன்மோகன் சிங் அரசு அதை ஏற்கவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழுவோ, நீக்கினால் குடும்ப அமைப்புக்கே நெருக்கடி என்றது.

2014-ல் ஆட்சி மாறியது. 2015-ல் புதிய அரசு சொன்ன காரணம், இந்தியாவில் திருமணம் புனிதமானது! பிறகு, காலனிய காலச் சட்டத்தைத் தூக்கி எறிகிறோம் என்று 2023-ல் பாரதிய நியாய சன்ஹிதாவைக் கொண்டுவந்தார்கள். அதன் 63-ம் பிரிவைப் பாருங்கள். 1860-ல் ஆங்கிலேயர் எழுதிய அதே விலக்கு, வயது வரம்பு மட்டும் 18 ஆகியிருக்கிறது. ஆக, 2005 சட்டத்தில் வன்முறையாக இருக்கும் செயல், தண்டனைச் சட்டத்தில் பலாத்காரமே இல்லை. இது என்ன கணக்கு?

2024 அக்டோபரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில், இதைப் பலாத்காரம் என்று அழைப்பது மிகக் கடுமையானது என்று பதில் மனு போட்டது. யாருக்குக் கடுமை?