செயலியின் மறுமுனையில் யார் இருப்பார்?

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு முதலாம் வருடம் வரும் மாணவருக்குத் தொடர்புகள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. விடுதி அறையில் கூட இருப்பவர்கள், பீடத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு, ஊர்க்காரருக்கு இன்னொரு குழு என்று சில நாட்களுக்குள் எத்தனையோ பேரின் இலக்கங்கள் கைத்தொலைபேசியில் சேர்ந்துவிடும். ஆனால், மனம் உடைந்துபோகும் ஒரு நடுஇரவில் அவர்களுள் யாருக்கு அழைப்பை எடுப்பது என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

இந்த இடைவெளியை நிரப்புவதாகச் சொல்லித்தான் மாணவர்களுக்கான மனநலச் செயலிகள் வருகின்றன. இந்தியாவில் 2014இல் தொடங்கப்பட்ட ‘யுவர்தோஸ்த்’, பெயரை வெளியிடாமலேயே உளவளத்துணையாளருடன் பேச வழிசெய்தது. அமெரிக்காவில் ‘நொட்’ என்ற செயலி, பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வருபவர்களைச் சக மாணவர்களுடன் பழகச் சிறிது சிறிதாகத் தூண்டுகிறது. 2020இல் வெளியான ஆய்வொன்றில் சுமார் 220 முதலாம் வருட மாணவர்களிடம் இது பரிசோதிக்கப்பட்டது. எல்லோருக்கும் பயன் கிடைக்கவில்லை. ஏற்கனவே மனச்சோர்வும் தனிமையும் அதிகமாக இருந்தவர்களிடம்தான் அதன் பயன் தெரிந்தது. ஆகவே, இவை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

ஆனால், மாணவர்களை இணைப்பது என்பது எல்லா ஊரிலும் ஒன்றல்ல. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களை இணைக்கும் பொறிமுறை ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அதன் பெயர் பகிடிவதை. 1975இல் பேராதனையின் இராமநாதன் விடுதியில் பகிடிவதையிலிருந்து தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி நிரந்தரமாக முடங்கிப்போனார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் பின் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். அடுத்த வருடமே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து 27 வருடங்களின் பின்னர், 2025 ஏப்ரலில், சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் மரணத்தோடு அதே பேச்சு மீண்டும் எழுந்தது.

பகிடிவதையை ஏற்க மறுப்பவர் அடிக்கு மட்டும் பயப்படுவதில்லை. அவருடைய அணி அவரோடு பேசாது, குறிப்புகள் கிடைக்காது, உணவகத்தில் தனியாக இருக்க வேண்டிவரும். தனிமையே அங்கு தண்டனையாகப் பயன்படுகிறது. அப்படியான இடத்தில் “சக மாணவர் ஒருவரிடம் மனம் திறந்து பேசுங்கள்” என்று செயலி சொன்னால், மறுமுனையில் இருப்பவர் அவர் பயந்து ஒளியும் அதே சிரேஷ்ட மாணவராக இருக்கக்கூடும்.

பெயரை மறைத்தால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்க இளைஞர்கள் இருவர் 2013இல் தொடங்கிய ‘யிக் யாக்’, அருகில் உள்ளவர்கள் பெயரில்லாமல் பேசிக்கொள்ளும் செயலி. அது விரைவிலேயே ஆள்களைக் குறிவைத்து அவமானப்படுத்தும் இடமாகி, 2017இல் மூடப்பட்டது. 2021இல் மீண்டும் வந்தது. பேராதனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பீடத்தின் ஒரு வருடத்தில் கிளிநொச்சியிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். ஊர், பீடம், வருடம் என்ற மூன்றும் தெரிந்தால் பெயர் தேவையில்லை. எனவே, கேட்பவர் வேறு வளாகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பேராதனை மாணவருக்கு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள பயிற்சி பெற்ற ஒருவர் செவிகொடுக்கலாம். தூரத்தைக் கடப்பதற்குத்தானே செயலி?

அடுத்தது மொழி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை “விசராக்கிடக்கு” என்று சொன்னால் அது எரிச்சலாகவும் இருக்கலாம், உடைந்துபோன நிலையாகவும் இருக்கலாம். “மனசே சரியில்ல” என்ற மலையகப் பிள்ளையின் சொல்லுக்குள் வீட்டுக் கடனும் இருக்கலாம், விடுதி அவமானமும் இருக்கலாம். ஆங்கிலத்தில் தயாரித்து மொழிபெயர்த்த கேள்விக்கொத்துக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. தமிழில் கேட்கத் தெரிந்த மனிதருக்குத்தான் பிடிபடும். பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்கள். காலையில் பாடம் எடுத்து, பருவ முடிவில் புள்ளி போடுபவரிடம் மாலையில் போய் “எனக்கு வாழப் பிடிக்கவில்லை” என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

மூன்றாவது, சொன்னது எங்கே போகிறது என்பது. நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி வழியாக உதவும் அமெரிக்காவின் ‘கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்’, உரையாடல் தரவுகளைப் பெயர் நீக்கி, தன்னோடு தொடர்புடைய வணிக நிறுவனமொன்றுக்குக் கொடுத்தது 2022 ஜனவரியில் வெளியானது. எதிர்ப்பு எழுந்ததும் அதை நிறுத்திக்கொண்டது. 2023இல் ‘பெட்டர்ஹெல்ப்’ நிறுவனம், பயனர்களின் தகவல்களை விளம்பரத்துக்காக பேஸ்புக், ஸ்னப்சட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக எழுந்த குற்றச்சாட்டில் 78 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோதும், அதன் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. கண்காணிப்புக்குப் பழகிய வடக்கு கிழக்கு மாணவர், தன் மனதை ஒரு வழங்கியில் எழுதிவைக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

இந்த நாடு மனநலம் தொடர்பில் ஒரு பெரிய வெற்றியைக் கண்டிருக்கிறது. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம், அடுத்த இரு தசாப்தங்களில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அதில் பெரும் பங்கு, ஆபத்தான பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த அரசாங்கத் தீர்மானங்களுக்கு உரியது. “மனதைத் திடப்படுத்திக்கொள்” என்று தனிமனிதருக்குச் சொன்னதால் வந்த மாற்றமல்ல அது. சுற்றியிருந்த சூழல் மாற்றப்பட்டதால் வந்தது.

செயலிகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் நிர்வாகங்களும் செயலியைத் திறந்துவைக்கும் முன்னர், பரீட்சையோடு தொடர்பில்லாத முழுநேர உளவளத்துணையாளர்களை நியமிக்க வேண்டும். அவர்களில் தமிழில் பேசுபவர் எந்த இரவிலும் ஒருவராவது கடமையில் இருக்க வேண்டும். தரவு யாருடைய கையில், எவ்வளவு காலத்துக்கு இருக்கும் என்பதை மாணவருக்கு அவருடைய மொழியிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பகிடிவதை முறைப்பாடு வந்தால் அது விசாரணை வரை போகும் என்ற நம்பிக்கை உருவாக வேண்டும். இவை இருந்தால் செயலி மிக நல்ல கதவு. இல்லாவிட்டால், நிர்வாகம் தன் பொறுப்பை மாணவரின் கைத்தொலைபேசிக்குள் இறக்கிவைத்ததாகவே முடியும்.

(உடனடி உதவி தேவைப்படுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு 24 மணி நேரமும் அழைக்கலாம்.)